சித்தி கேட்கும் கேள்வி

அம்மாவின் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று, பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் விழுந்தது. அவள் அதில் நூலைச் சுற்றி மாட்டிக்கொண்டாளே தவிர, டாக்டரிடம் போகவில்லை. மாதக்கணக்காக வயிற்று வலி. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே முனகுவாள். எனக்குக் கேட்காதாம்! வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

சித்தி ஒரு மருத்துவமனையில் வயிற்று ஸ்கேன் எடுப்பவள். கூடப் பிறந்த தங்கை கூப்பிட்டும் அம்மா அசையவில்லை. "பார்த்தாத்தானே ஏதாவது இருக்கும்? விடுடி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் கல்லூரியில், வேலை பார்க்கும் யாரையாவது பேட்டி எடுத்து வரச் சொன்னார்கள். சித்தியும் நானும் ஃபோனில் பேசி வைத்துக்கொண்டோம். அம்மாவைத் துணைக்கு அழைத்துப் போவது, நடுவில் 'எப்படி எடுக்கிறதுன்னு காட்டுங்க' என்று நான் கேட்பது, அம்மாவையே படுக்க வைத்து சித்தி எடுத்துப் பார்ப்பது.

"உன் மார்க்குன்னா உங்கம்மா தீயிலகூட இறங்குவா, கூட்டிட்டு வா" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். ஜன்னலே இல்லாத அறை. ஏசி குளிருக்கு சித்தி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அம்மா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஃபோனை ரெக்கார்டில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"இந்த வேலையில எது கஷ்டம் சித்தி?"

"தோள்பட்டை போச்சு. வெளியில வெயிலா மழையான்னு தெரியாம பாதி ஆயுசு போச்சு. அதைக்கூட விடு. உள்ள என்ன பார்த்தேன்னு நான் சொல்லக்கூடாது, அது டாக்டர் வேலை. ஆனா படுத்திருக்கிறவங்க என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"நல்லா இருந்தா பேசாம எடுத்து முடிச்சிடுவேன். மோசமா ஏதாவது தெரிஞ்சா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்பேன். பிள்ளைங்க பேச்சு வந்துட்டா என் மூஞ்சிய மறந்துடுவாங்க. பாவம், ஒவ்வொரு பேரா சொல்லுவாங்க. நானும் தலையாட்டிக்கிட்டே கட்டிய அளந்துக்கிட்டு இருப்பேன்." சித்தி மூக்கை உறிஞ்சினாள். "நீ இந்த வேலைக்கு மட்டும் வந்துடாதடி."

அம்மா சிரித்தாள். "இவளாவது சொல்லாம இருக்கிறதாவது! நான் சர்க்கரை திருடித் தின்னா, வாய துடைக்கிறதுக்குள்ள அப்பாகிட்ட ஓடினவ."

"சரி, எப்படி எடுக்கிறதுன்னு காட்டுங்க சித்தி" என்றேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறி முறைத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுறீங்களா?" ஆனாலும் ஏறிப் படுத்தாள். "மார்க் வரலேன்னா உன்னைத் தொலைச்சிடுவேன்."

களிம்பைத் தடவியதும், "ஐயோ, ஜில்லுங்குது!" என்று நெளிந்தாள். சித்தி கருவியை வயிற்றின்மேல் நகர்த்தினாள். திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதேதோ அசைந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சித்தியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடியே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாகூட நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கருவி விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. நகர்ந்து போய், மறுபடியும் அங்கேயே வந்தது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றாள் சித்தி.

வாய் பழகிய பழக்கம். சொந்த அக்காவை அவள் பிறந்ததிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட்டதே இல்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், கை அப்படியே நின்றுவிட்டது. பாவி சித்தி, வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா? எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். சித்தியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான்" என்றாள். "இன்னும் படிச்சு முடிக்கல."

சித்தி தலையாட்டிக்கொண்டே அளக்க ஆரம்பித்தாள்.