கிராபிக்ஸ் கார்டும் ஹார்பர் வேலைநிறுத்தமும்

எங்கள் கடைக்கு எதிரே இன்னொரு கேம் சென்டர் திறந்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காலடிப்பேட்டையில் அதுவரை எங்கள் தெருவுக்கு நாங்கள் மட்டும்தான். காலையில் பிரவுசிங், சாயங்காலம் கேம். "அக்கா, ஒரு அவர்" என்று உட்காரும் பையன்களை எழுப்புவதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். இப்போது அதே பையன்கள் என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் போனார்கள். அங்கே புது கார் ரேஸ் ஓடியது. என் மெஷினில் அதைப் போட்டால், கார் நகர்வதற்குள் ஆடுகிறவன் கொட்டாவி விட்டுவிடுவான்.

நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் சிக்காமல் ஓடும். அதை உடனே போட்டாக வேண்டிய நெருக்கடி எனக்கு. என் வீட்டுக்காரர் ஹார்பரில் விஞ்ச் ஓட்டுகிறவர், கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வேலை. அங்கே வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. வந்தால் சம்பளம் கிடையாது. வீட்டில் உலை கொதிக்க இந்தக் கடை ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். யோசித்துவிட்டு மறுபடி போனால் விலை ஏறியிருந்தது.

"ஸ்கூல் லீவு விட்டாச்சுக்கா. பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிறவங்க எல்லாரும் கேம் போடுறாங்க. கேட்டு வர்றவங்களுக்குக் குறைச்சலே இல்ல, மால்தான் இல்ல. நாளைக்கும் இதே விலைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

வாங்குவதா, பொறுப்பதா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே குடைச்சல்.

வீட்டுக்காரருக்கோ குழப்பமே இல்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருள் விலை ஏறினாலும் கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்ப்பார்கள். பருப்போ பாமாயிலோ, எத்தனை கப்பல் உள்ளே வராமல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து காரணம் சொல்வார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் வினை.

"கப்பலுங்க இப்பவே வெளிய நின்னுகினு கீது. ஸ்ட்ரைக் வந்துச்சுன்னா ஒரு பொட்டி எறங்காது. கார்டு வெல எங்கியோ பூடும். பேசாம இப்பவே வாங்கிப் போட்டுடு மே" என்றார்.

"நல்லாத் தெரியுமாய்யா?"

"இந்த கார்டெல்லாம் வர்ற சிங்கப்பூர் பொட்டிய எறக்குறதே நாங்கதான். எனக்குத் தெரியாம இன்னா?"

அந்த மிதப்பில் பேசும்போது அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனசு வராது. சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுபோய், எல்லா மெஷினுக்கும் சேர்த்துக் கேட்ட விலைக்கே வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பையன்கள் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நாளில் வேலைநிறுத்தமும் வந்தது. ஹார்பரே படுத்துவிட்டது, இனி எதிர்க்கடைக்காரன் புதுச் சரக்கு வாங்க முடியாது என்று நானே பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன். ஆனாலும் அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ நின்றால் எனக்குப் பக்கென்று இருக்கும்.

ஒருநாள் உண்மையிலேயே ஆட்டோ வந்து நின்றது. அட்டைப் பெட்டிகள் இறங்கின. மறுநாள் அவன் வாசலில் புது போர்டு தொங்கியது. என்னுடையதைவிட நல்ல கார்டு, மணிக்கு என்னைவிடக் குறைந்த கட்டணம். நானும் குறைக்கலாம் என்றால், போட்ட காசே அப்போது திரும்பாது. மூன்றாம் நாள் என் நாற்காலிகள் காலி. விசிறியை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகையும் ஆத்திரமுமாக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடினேன். நான் வாங்கிய அதே கார்டு இப்போது பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே.

"கார்டு பண்றது ரெண்டு பெரிய கம்பெனிக்கா. ஒருத்தன் புது மாடல் விட்டா, அடுத்தவன் பழசோட விலைய ஒடைச்சிடுவான். லீவும் முடியப் போவுது, கேக்கிற ஆளும் குறைஞ்சிட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"ஹார்பர்ல ஒரு வேலையும் நடக்கலையே, மால் எப்படி வந்துச்சு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இதெல்லாம் ஏரோப்ளேன்ல வர்றதுக்கா. கப்பல்ல போட்டா வந்து சேர்றதுக்குள்ள விலை எறங்கிடாதா? ஹார்பர்ல ஸ்ட்ரைக்கா நடக்குது?"

வீட்டுக்கு வந்தேன். ஹார்பர் கேட்டில் மற்றவர்களோடு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்துவிட்டு அவரும் அப்போதுதான் வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். உன் கப்பலும் வேண்டாம், உன் கணக்கும் வேண்டாம், ஏரோப்ளேனில் வருவதற்குக் கடலைப் பார்த்து விலை சொல்கிறாயே, ஹார்பரில் ஸ்ட்ரைக்கா என்று ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் என்னையே கேட்கிறாரே, நாளைக்கு உலையில் என்னத்தைப் போடுவது என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன்.

பதிலுக்குச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ, நாங்க ஸ்ட்ரைக்ல ஒக்காந்துகினு கீறதே அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாதா?"

"தெரியலய்யா" என்றேன்.