பத்து சதவீதம்

துபாய்க்கு வந்ததிலிருந்து நான் முழு விலையில் விமான டிக்கெட் எடுத்ததே இல்லை. விமானக் கம்பெனியின் கிஃப்ட் கார்டைப் பத்து சதவீதம் குறைத்து விற்கும் தளம் ஒன்று உண்டு. அங்கே கார்டு வாங்கி அதில் டிக்கெட் போடுவேன். கார்டு எண் வர ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். ரூமில் இருந்தவர்களிடம் இதைப் பெரிய சாமர்த்தியமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து தங்கையின் கணவர் கூப்பிட்டார். "அத்தாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு மச்சான். ஒடனே கெளம்பி வந்துடுங்க."

பதினொரு மணிக்குத் திருச்சி விமானம் இருந்தது, இடமும் இருந்தது. நான் கார்டு வாங்கிவிட்டு எண்ணுக்காகக் காத்திருந்தேன். சீரியஸ்தானே, நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். "திருச்சில எறங்கிட்டீங்களா? ஒங்களுக்காகத்தான் மையத்தை அடக்காம ராத்திரி இஷா தொழுகை வரைக்கும் வச்சிருக்கோம்."

வெளிநாட்டில் இருப்பவனிடம் மௌத் என்று சாவுச் செய்தியை எங்கள் ஊரில் யாரும் நேராகச் சொல்வதில்லை. சீரியஸ் என்போம். அதே வார்த்தையைச் சொல்லி ரூமிலிருந்து மூன்று பேரை நானே ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். என்னைப் பெற்ற அத்தாவுக்கென்று வந்தபோது அது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மனம் இல்லையோ, பத்து சதவீதம்தான் கண்ணை மறைத்ததோ!

கார்டு எண் மறுநாள் காலை சரியாக வந்தது. அதில்தான் ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அத்தாவை அடக்கிய கபரின் மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தது.