பால் வாசம் இல்லாத துணி

நீலவ்வாவின் வலது கை விரல் நுனிகளுக்குச் சூடு தெரியாது. ஹூப்ளி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சரோஜக்கா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடமாக அவள் சோள ரொட்டி தட்டுகிறாள். கல்லில் வேகும் ரொட்டியை வெறும் விரலால் திருப்பிப் போடுவாள். "ஏ நீலி, உன் கைக்கு உசிரு இருக்கா இல்லையாடீ?" என்று சரோஜக்கா கேட்பதும், "ரொட்டி வேகுதில்ல, அது போதும்க்கா" என்று இவள் சொல்வதும் பழகிப்போன பேச்சு.

அவள் மகன் மல்லு பிறந்தபோது வாயில் நுரை தள்ளிக்கொண்டே இருந்தது. மார்பில் போட்டதும் புரையேறி நீலம் பாரித்தான். நர்ஸ் வாய் வழியாக விட்ட மெல்லிய குழாய் பாதியில் நின்றுவிட்டது. மேலிருந்து வரும் உணவுக்குழாய் பை மாதிரி மூடியிருந்தது. வயிற்றிலிருந்து மேலே வர வேண்டிய பகுதி குட்டையாகத் தங்கிவிட்டது. இழுத்துத் தைக்க எட்டவில்லை. இரண்டாம் நாள் ஆபரேஷன் செய்து, மேல் முனையைக் கழுத்தின் இடப்பக்கம் சிறு துவாரமாக வெளியே கொண்டுவந்தார்கள். வயிற்றில் நேராக ஒரு குழாய் வைத்தார்கள்.

"ஒரு வயசுல இரைப்பையை மேல இழுத்து சேத்துடலாம்மா," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் பால் வயித்துக் குழாயில. ஆனா ஒவ்வொரு தடவையும் வாயிலயும் ரெண்டு ஸ்பூன் குடுக்கணும்."

"வாயில குடுத்தா எங்க போகும் சார்?"

"கழுத்து வழியா துணிக்கு வந்துடும்."

"அப்ப எதுக்கு?"

"முழுங்கப் பழகணுமில்ல. பழகாத புள்ளைக்கு நான் வழி போட்டுக் குடுத்தாலும் அதுக்கு முழுங்கத் தெரியாது. வயிறு ரொம்புறப்பவே வாயிலயும் குடுங்க. அப்பத்தான் ரெண்டும் ஒண்ணுன்னு புரியும்."

நீலவ்வா தலையாட்டினாள். அழவில்லை. வார்டில் மற்ற தாய்மார்கள் அவள் அழாததைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவள் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கொடுத்தாள். ஒரு கை வயிற்றுக் குழாயில் செருகிய ஊசிக்குழலை உயர்த்திப் பிடிக்க வேண்டும், ஒரு கை ஸ்பூனுக்கு. கழுத்தில் வழிவதைத் துடைக்க மூன்றாவது கை கிடையாது. கணவன் ஈரப்பா சரக்கு டெம்போ ஓட்டுகிறவன். வீட்டில் இருந்தாலும் குழந்தையின் கழுத்துப் பக்கம் பார்க்க மாட்டான். ஊட்டிய பால் அப்படியே துணியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்பூன் நின்றுவிட்டது. இன்றிலிருந்து வேண்டாம் என்று அவள் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. குழாயில் ஊற்றுவாள், மூடுவாள், வேலைக்குப் போவாள். மதியம் பக்கத்து வீட்டு ரத்னா ஊற்றுவாள். எச்சிலில் நனைந்த எட்டு துணிகளை நீலவ்வா தினமும் துவைத்துக் கொடியில் போடுவாள். மாதா மாதம் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "குடுக்கறேன்," என்றாள். அது பொய் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

எட்டாம் மாதம் ஜெசிந்தா சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நீலவ்வாவைவிட நாலைந்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரிசு.

"பையில அழுக்குத் துணி இருக்கா? குடு."

காலையில் கட்டிய துணியை நீலவ்வா எடுத்துக் கொடுத்தாள். ஜெசிந்தா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். இன்னொன்றை வாங்கி அதையும் முகர்ந்தாள்.

"காலையில பால் குடுத்தியா?"

"குடுத்தேன் சிஸ்டர்."

"வாயில?"

நீலவ்வா மல்லுவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வாயில குடுத்திருந்தா துணி புளிச்சு நாறும்க்கா. இந்த வார்டுல எல்லாத் துணியும் நாறும். உன்னுது கோயில் துணியாட்டம் இருக்கு. எத்தனை நாளாச்சு?"

"ஆறு மாசம் இருக்கும்."

ஜெசிந்தா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். "ஆபரேஷனுக்குத் தேதி குடுக்க மாட்டாங்க. நாறுற துணி கொண்டு வா, அப்புறம் பாக்கலாம்."

பேருந்தில் வரும்போது மல்லு மடியில் தூங்கினான். சன்னலுக்கு வெளியே பருத்தி வயல்கள் போயின. தேதி இல்லை, தேதி இல்லை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளிலிருந்து ஸ்பூனை எடுத்தாள். மல்லு உதட்டை இறுக்கிக்கொண்டான். உள்ளே போனதைத் துப்பினான். ஸ்பூனைக் கண்டாலே தலையைத் திருப்பினான். பத்தொன்பது நாள் இப்படியே போயிற்று. வேலைக்கு நேரமாகிறதென்று முதலில் ஸ்பூனை முடித்துவிட்டு, பிறகு குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயிறு ரொம்புறப்பவே என்று டாக்டர் சொன்னது இருபதாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஈரப்பா வீட்டில் இருந்தான்.

"இதைப் பிடி," என்று ஊசிக்குழலை நீட்டினாள்.

"எனக்கு அதெல்லாம் பாத்தா தலை சுத்தும்டீ."

"லாரி அடிச்சுப் போட்ட எருமையை ரோட்டுல இருந்து இழுத்துப் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே? அப்பச் சுத்தலையா?"

"எருமை வேறடீ."

"ஆமா, அது உன் புள்ளை இல்ல. பிடி."

ஈரப்பா பிடித்தான். முகத்தைச் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டான். பால் குழாய் வழியே இறங்கியது. நீலவ்வா ஸ்பூனைத் தொடவில்லை. தான் குடிக்க வைத்திருந்த சோள அம்பலியில், அந்தப் புளித்த கூழில், விரலை நனைத்து மல்லுவின் உதட்டில் வைத்தாள். அவன் விரலை வாய்க்குள் இழுத்தான்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சப்புகிறானா, சும்மா கவ்விக்கொண்டிருக்கிறானா என்று அந்த விரலுக்குச் சொல்லத் தெரியாது. எடுத்தாள், நனைத்தாள், வைத்தாள். மறுபடி நனைத்தாள். மல்லு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழுங்கறானான்னு பாரேன்," என்றாள்.

"நான் எங்க பாக்கறது?"

"கழுத்துல. எனக்கு இங்க இருந்து தெரியல. பாரு."

காலண்டரிலிருந்து ஈரப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினான். எட்டு மாதத்தில் முதல்முறையாகக் குழந்தையின் கழுத்தைக் குனிந்து பார்த்தான். கை சாய்ந்ததில் குழலுக்குள் பால் அலைந்தது.

"நீலீ."

"என்ன?"

"வெள்ளையா வருது. துணி நனையுது."

"எச்சிலா இருக்கும்."

"எச்சில் இல்லடீ. மாவு மாவா வருது. இன்னொரு தடவை குடு."

கொடுத்தாள். அவன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "வருது," என்றான்.

குழலில் பால் தீர்ந்துவிட்டிருந்தது. ஈரப்பா அதை இன்னும் உயர்த்தியே பிடித்திருந்தான். "கையை இறக்கு," என்று சொல்லிவிட்டு, மல்லுவின் கழுத்துத் துணியை அவிழ்த்துப் புதியதைக் கட்டினாள். அழுக்குத் துணியை முகர்ந்து பார்த்தாள். அம்பலியின் புளிப்பு லேசாக இருந்தது.

துவைக்கும் வாளியில் ஏழு துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. அந்தத் துணியை மட்டும் அதில் போடாமல், ரொட்டி மாவு வந்த பாலித்தீன் பையில் வைத்து முடிச்சுப் போட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும் ஆணியில் மாட்டினாள். பிறகு கை கழுவிவிட்டு மீதி அம்பலியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.