பேவின சொப்பு

சந்தாபுராவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு மாதுளை நிற்கிறது. எங்கள் குழந்தை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போன பிறகு என் மனைவி வைத்தது. எதற்காக என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் அதன் தண்டு முழுக்கப் பாசி படர்ந்துவிட்டது. இலை வேறு உதிர்ந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபீசில் ஒருவர் சுண்ணாம்பு அடி என்றார். இன்னொருவர் கிளையைக் கழி என்றார். போனில் பார்த்த வீடியோவிலோ, பாசியால் மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று ஒருவர் சிரிக்கிறார். யாரைத்தான் நம்புவது? செடி பட்டுப்போனால் இவளிடம் என்ன சொல்வேன்?

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். கன்னடக்காரர்.

"பேவின சொப்பு ஹாக்கி" என்றார்.

பேவு என்றால் வேம்பு, ஹாக்கி என்றால் போடுங்கள். அந்த அளவுக்கு எனக்குக் கன்னடம் வரும். வேப்பஞ்சோப்பு! வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தண்டைத் தேய்த்தேன். நுரை பொங்கியது. பாசியோடு கொஞ்சம் பட்டையும் உரிந்து வந்தது.

மேலே நின்ற அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ சார், சோப்பு இல்ல, சொப்பு! எலை, எலை! வேப்பெலைய வேர்ல போடச் சொன்னேன்!"

சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து நுரையைக் கையால் வழித்துவிட்டாள்.

"பாசி என்னாலதாங்க."

"உன்னாலயா?"

"நீங்க ஆபீஸ் போனதும் தெனம் தண்ணி ஊத்துறேன். வேருக்கு இல்ல. வெந்நி வெளாவி, மேலேர்ந்து, ஒடம்பு முழுக்க. அதான் ஈரம் காயறதே இல்ல."

ஊற்றாதே என்றால் பாசி போய்விடும். அதை இவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

"நாளைக்கு நான் லீவு போடுறேன். வெந்நி நான் வெளாவித் தர்றேன்" என்றேன்.