பாதியில் நின்ற தூக்குப்பாலம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு விக்கல் வரும். விழாக்களுக்கு மேடையும் வாசல் அலங்காரமும் போடுவது என் தொழில் என்பதால், இருபது வருஷமாகத் திண்டுக்கல்லில் உள்ள எல்லா மண்டபங்களிலும் விக்கியிருக்கிறேன். முகூர்த்த நாள் காலையில் என்னைத் தேடுகிறவர்கள் போன் போடுவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

சென்ற ஆவணியில் ஒரு வெங்காய மண்டிக்காரர் தன் மகளின் காதணி விழாவுக்கு என்னை அழைத்தார். மகளுக்கு ஆறு வயது. அவளே நேரடியாக ஆர்டர் கொடுத்தாள். கோட்டை வேண்டுமாம். நான் மண்டியின் வாசலுக்கு அவளைக் கூட்டிப்போய், ஊருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மலைக்கோட்டையைக் காட்டி, அதே மாதிரிப் போட்டுவிடலாம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுல பாலம் தூக்காது" என்றாள்.

போனில் படம் காட்டினாள். சீமைக் கோட்டை. அகழி, அகழிக்கு மேல் சங்கிலியில் ஏறி இறங்கும் பாலம், கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருஷமாக வாழைமரமும் தெர்மாகோல் அன்னமும் வைத்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தொழில் பிறந்தது போல இருந்தது.

நான்கு நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. கோட்டைகளைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எதையும் சும்மா கட்டவில்லை. மதில்மேல் பல்வரிசை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறதே, மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, பள்ளம் வழியாக அடிக்க. சுவரில் ஒல்லியான இடுக்கு, உள்ளே இருப்பவன் அம்பு விடலாம், வெளியே இருப்பவன் குறி பார்க்க முடியாது. வாசலில் பாலம் ஒரு தடுப்பு, அதற்குள்ளே மேலிருந்து விழும் இரும்புக் கம்பிக் கதவு இன்னொரு தடுப்பு. இரண்டுக்கும் நடுவே எதிரி மாட்டிக்கொண்டால், கூரையில் இருக்கும் ஓட்டை வழியாகக் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்களாம். என்ன ஒரு மூளை என்று தொடையைத் தட்டிக்கொண்டேன். கழிப்பறையைக்கூடச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு, நேராக அகழிக்குள் விழுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இதை மண்டிக்காரரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அது மட்டும் வேண்டாம் என்றார்.

இன்னொன்றும் பார்த்தேன். பெரிய கோட்டைகளுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு கள்ளவாசல் இருக்கும். முன்வாசலை எதிரி மறித்துக்கொண்டால், உள்ளே இருப்பவர்கள் அது வழியாக வெளியேறி அவனைப் போய்ப் பிடிக்கலாம். மண்டபத்தில்தான் சமையல்கட்டுக் கதவு இருக்கிறதே, தனியாக எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கோட்டையின் எல்லா உறுப்புக்கும் ஒரே நோக்கம்தான், வருகிறவனை வெளியே நிறுத்துவது. விழா வாசலுக்கும் ஒரே நோக்கம்தான், வருகிறவனை உள்ளே அழைப்பது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஆணி அடிக்கிறோமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முதலை பொம்மை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழந்தையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கிறவர். நான்கு வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மூன்று பேருக்குக் கீழே போய்விட்டதாம். அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. மூன்று தடவை தங்கை நேரில் போய் அழுத பிறகு அண்ணன் சீரோடு வரச் சம்மதித்திருக்கிறார்.

"வாசல்ல எங்கண்ணனுக்கு ஒரு குறையும் வந்துரக் கூடாதுண்ணே" என்றார் அந்த அம்மா. "இந்தத் தடவை திரும்பிப் போச்சுன்னா, அப்புறம் எனக்குப் பொறந்த வீடு இல்ல."

அப்போதே முதல் விக்கல் வந்துவிட்டது.

ஆனாலும் வேலை அபாரமாக அமைந்தது. நத்தம் சாலை மண்டபத்தின் முன்வாசலை, இந்தச் சுற்றுச்சுவரிலிருந்து அந்தச் சுற்றுச்சுவர் வரை, கோட்டை அடைத்துக்கொண்டது. தார்ப்பாய் விரித்து முழங்காலளவு தண்ணீர் விட்டு அகழி. அதில் இரண்டு ரப்பர் முதலை. இரும்புச் சட்டத்தில் பலகை அடித்த பாலம். கம்பிக் கதவை நிஜ இரும்பிலேயே பற்ற வைத்தேன், தெர்மாகோல் என்றால் அந்தக் குழந்தை கண்டுபிடித்துவிடும். கூரை ஓட்டை வழியாக எண்ணெய்க்குப் பதில் ரோஜா இதழ். மேலே சாரத்தில் என் எலெக்ட்ரீஷியன் இரண்டு சாக்கு இதழோடு உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயசு மனுஷன், சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். இரண்டு கதவுக்கும் நடுவே ஆள் வந்ததும் கொட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முந்தைய நாள் பதினோரு தடவை பாலத்தை இறக்கி ஏற்றிப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

பத்தரை வரை நல்ல நேரம். பத்து மணிக்குத் தாய்மாமன் வந்தார். கொட்டு முழங்க, ஐம்பத்தொரு தட்டு வரிசையாக வர, மாலை போட்ட கிடாய் ஒன்று முன்னால் வர, முதல் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு பட்டு வேட்டியில் அவர் அகழிக் கரையில் வந்து நின்றார். நான் கையை உயர்த்தினேன். பாலம் இறங்கத் தொடங்கியது. கூட்டம் வாயைப் பிளந்தது. என் இருபது வருஷத்தில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை.

நிமிஷம்கூட இல்லை. பாதியில் நின்றுவிட்டது.

கயிறு உருளையிலிருந்து நழுவிப் பக்கத்தில் செருகிக்கொண்டது. பாலம் கும்பிடு போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி சாய்வாக நின்றது. நான் உள்ளேயிருந்து ஓடினேன். கம்பிக் கதவுக்கு அடியில் புகுந்து பாலத்தைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அவசரத்தில் என் தோள் எதன்மீதோ இடித்தது. அது கம்பிக் கதவைத் தாங்கியிருந்த கொக்கி. எனக்குப் பின்னால் கதவு தடாலென்று விழுந்தது.

முன்னால் பாலம், பின்னால் கம்பி, நடுவில் நான். எதிரியை மாட்டவைக்க வெள்ளைக்காரன் கண்டுபிடித்த அதே இடத்தில், அதைக் கட்டியவனே மாட்டிக்கொண்டேன். இரண்டு கதவுக்கும் நடுவே ஆள் வந்துவிட்டதைப் பார்த்த எலெக்ட்ரீஷியன், சொன்ன சொல் தவறாமல், ஒரு சாக்கு ரோஜா இதழை என் தலையில் கொட்டினார்.

வாய்க்குள் போன இதழைத் துப்பிவிட்டு, பக்கச் சுவரில் இருந்த அம்பு இடுக்கில் கண்ணை வைத்தேன். கொட்டு நின்றுவிட்டது. தட்டு ஏந்திய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்மாமன் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டார்.

"யாருய்யா அது உள்ள, அழுகுறது?"

"அழுகலண்ணே. விக்கல். டெக்கரேஷன்காரன்."

"பாலத்த நிறுத்தச் சொன்னது மாப்ளையா?"

நான் பதில் சொல்வதற்குள் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மண்டிக்காரர், தான் எதற்கு நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதை நேரில் சொல்ல வாய் இல்லையா என்று கேட்கச் சொன்னார் தாய்மாமன். இந்த இடத்தில் எனக்குப் பயம் முற்றிவிட்டது. மண்டிக்காரர் பக்கம் திரும்பி, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார் என்றேன்.

கம்பிக்குப் பின்னால் நின்ற தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கண்ணன் அப்படிக் கேட்டிருக்காது என்றார். இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூட லாயக்கில்லாத தூதன் நான்.

வெளியே, தட்டுகளை வேனில் ஏற்றச் சொல்லித் தாய்மாமன் கை காட்டுவது தெரிந்தது. கிடாயை ஒருவர் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அதைச் சொன்னேன். இந்தத் தடவை அப்படியே சொன்னேன்.

உள்ளே நாலு பேர் கம்பிக் கதவைத் தூக்கப் பார்த்தார்கள். அது ஏறி இறங்கும் பள்ளமான காடியில் கோணலாகச் சிக்கியிருந்தது, என் பக்கத்திலிருந்தும் இரண்டு பேராவது தூக்கினால்தான் நேராகும். அண்ணனைச் சமையல்கட்டு வழியாக அழைத்து வந்துவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். சீர் கொண்டுவரும் தாய்மாமனைப் பின்வாசலில் கூப்பிடுவதற்கு, நேராகப் போய்ச் செருப்பால் அடித்துவிட்டு வரலாம். சொன்னவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

தங்கை புருஷன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"பத்திரிகையில கீழ போட்டதுக்கு நாலு வருசம். வாசல்ல நிறுத்தினதுக்கு எம்புட்டு வருசம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

மண்டிக்காரர் கம்பியை விட்டுவிட்டு உள்பக்கம் நடந்தார், பிறகு ஓடினார். நான் இடுக்குக்குத் திரும்பினேன். செத்த நேரத்தில் மண்டபத்தை ஒட்டிய சந்து முனையில் அவர் தெரிந்தார். சமையல்கட்டு வழியாக வந்திருக்கிறார், வேட்டியில் சாம்பார். கள்ளவாசல் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது வருகிறவரை உள்ளே கூப்பிட அல்ல, உள்ளே இருப்பவர் இறங்கிப் போக.

வேன் கதவில் கை வைத்திருந்த மச்சானுக்கு முன்னால் போய் நின்றார். ஏதோ சொன்னார். நான்கு வருஷம் கழித்துச் சொன்ன அந்த முதல் வார்த்தை எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய விக்கலாக ஒன்று வந்தது.

மேலேயிருந்து எலெக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். கயிற்றை அறுத்தால்தான் பாலம் இறங்குமாம். அறுத்தால் இரும்புச் சட்டம் அப்படியே விழுந்து நொறுங்குமாம். கீழே தண்ணீரில் இரண்டு பேர் நின்று ஆளுக்கொரு மூலையைத் தாங்கி இறக்க வேண்டுமாம்.

மண்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அகழியில் இறங்கி ஒரு மூலையைப் பிடித்தார். இன்னொரு மூலை காலியாக இருந்தது. யாரும் அசையவில்லை. அது யாருக்கான மூலை என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தாய்மாமன் தட்டை மனைவி கையில் கொடுத்தார். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டினார். இறங்கினார்.

ரப்பர் முதலை ஒன்று மிதந்து போய் அவர் காலை உரசியது. அவர் ஒரு துள்ளுத் துள்ளினார்.

"மாப்ள, என்னய்யா இது?"

"உங்க மருமக ஆர்டர், மச்சான். கடிக்காது, பிடிங்க."

கயிறு அறுந்தது. இருவரும் தலைக்கு மேல் தாங்கி, பின்பக்கமாகவே அடி அடியாக நகர்ந்து, கரையில் பாலத்தை வைத்தார்கள். கொட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கிடாய் யாருக்கும் காத்திராமல் முதலில் ஓடிவந்து என் வயிற்றில் முட்டியது. பின்னாலேயே மச்சானும் மாப்பிள்ளையும் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். இரண்டு கதவுக்கும் நடுவே ஆள் வந்துவிட்டதைப் பார்த்த எலெக்ட்ரீஷியன் இரண்டாவது சாக்கையும் கொட்டினார்.

அவர்கள் இந்தப் பக்கமும் மற்றவர்கள் அந்தப் பக்கமும் பிடித்துத் தூக்க, கம்பிக் கதவு காடியில் நேராகி மேலே போனது. கதவு முழுதாக உயரக்கூடத் தங்கை காத்திருக்கவில்லை. குனிந்து இந்தப் பக்கம் வந்து, அண்ணன் தலையிலிருந்த இதழைத் தட்டிவிட்டார். பத்து இருபத்தைந்துக்கு ஈர வேட்டி மடியில் குழந்தை உட்கார்ந்தாள். மடி நனைந்திருக்கிறது என்று குத்துவதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டதால், குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை.

நான் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து, தலையில் இதழோடு, நாலு தம்ளர் தண்ணீர் குடித்தேன். விக்கல் நின்றது. இனி ஆயுசுக்கும் வாழைமரமும் அன்னமும்தான் என்று கிடாய்மேல் சத்தியம் செய்தேன்.

போன மாதம் தாய்மாமன் போன் செய்தார். தையில் அவர் பெரிய மகளுக்குக் கல்யாணமாம். அதே கோட்டை வேண்டுமாம். நான் உருளை, கயிறு, கொக்கி எல்லாம் புதுசாக மாற்றிவிட்டதாகவும், இந்தத் தடவை பாலம் கண்டிப்பாக நிற்காது என்றும் மளமளவென்று உறுதி கொடுத்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார். தன் தம்பி இரண்டு வருஷமாகத் தன்னோடு பேசுவதில்லை என்றார். கல்யாணத்துக்கு வந்தாலும் வருவானாம்.

"அதான் யோசிக்கிறேன். அந்தப் பாலம், அதே மாதிரி பாதியில நிக்க ஏதாச்சும் பண்ண முடியுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது.