புள்ளிவிபரக்காரன் பட்ட பாடு

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அளக்க என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு கயிறு, நாலு கட்டை, ஓர் அரிவாள், ஒரு தூக்குத் தராசு என்று நித்திரையிலும் சொல்வேன். சண்டைக் காலத்தில் மட்டக்களப்புக் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், புள்ளிவிபரக் கிளையில் நான் பார்த்த உத்தியோகம் அதுதான்.

வயலில் விளைச்சலை அளப்பேன். கடையில் விலை கேட்பேன். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவேன். எல்லாம் கொழும்புக்குப் போகும். அங்கே கூட்டிப் பெருக்கி, நாடு முன்னேறுகிறதா இல்லையா என்று உலகத்துக்குச் சொல்வார்கள். நீங்களும் என்றாவது ஓர் அரசாங்கப் படிவத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கேள்விக்கும் என்னுடைய சீவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தலையைச் சொறிந்திருப்பீர்கள். அந்தப் படிவத்தோடு உங்கள் வாசலில் நின்றவனுக்கும் அது விளங்கவில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மணலில் ஓர் அறுவடை

நெல் விளைச்சலைக் கணக்கிடுவதற்கு, ஒவ்வொரு போகத்திலும் கொழும்பு சில வயல்களைச் சீட்டுக் குலுக்கிய மாதிரித் தெரிவு செய்து அனுப்பும். அந்த வயலில் ஒரு சதுரத்தைக் கயிறு கட்டி அளந்து, வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்க்க வேண்டும். கொழும்பின் சீட்டுக்கு எங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாவி தெரியாது. எனக்கு விழுந்த முதல் வயல் வாவிக்கு அங்கால், படுவான்கரையில் இருந்தது. இந்தக் கரை ஆமியிடம், அந்தக் கரை ஆயுதம் தூக்கிய இயக்கத்திடம். நடுவில் ஒரு பாலம், பாலத்தின் இந்தப் பக்கத் தொங்கலில் ஓர் ஆமிக் காவலரண்.

என் பையைக் கொட்டிய கோப்ரல், கயிறு, கட்டை, அரிவாள், தராசு என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். கடைசியில் வயல்களின் வரைபடம் வெளியே வந்தது. அவருடைய முகம் மாறியது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சனம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. வாயால் சொல்லி முடியாமல், காவலரணுக்கு முன்னால் மணலில் முழந்தாளிட்டுக் கட்டை நட்டு, கயிறு கட்டி, இல்லாத நெல்லை வெட்டி, இல்லாத கதிரைச் சூடடித்து, தராசில் தூக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த கோப்ரல் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். வரைபடத்தை மட்டும் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பையில் போட்டுத் தந்தார்.

"எங்க ஊர்லயும் ஒரு கச்சேரி மாத்தயா இப்பிடித்தான் வந்தது. அப்பா அவருக்கு நல்ல வயல் காட்டயில்ல. நீங்களும் பாத்து வெட்டுங்க."

ஒரு பூச்சியம்

வரைபடம் இல்லாமல், வழியில் கண்டவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்த வயலைக் கண்டுபிடித்தேன். சொந்தக்காரர் ஒரு போடியார், அந்த வட்டையிலேயே பெரிய வயல்காரர். கதிர் பாரம் தாங்காமல் சரிந்து கிடந்தது. போடியாரோ செத்த வீட்டில் நிற்கிறவர்போல நின்று, "இந்த முறை சரியான நட்டம் மனே" என்றார். அரசாங்கத்துக்குக் குறைத்துச் சொன்னால் நிவாரணம் வரும், இயக்கத்துக்குக் குறைத்துச் சொன்னால் வரி குறையும். இரண்டு நிர்வாகத்துக்கும் ஒரே பொய்யைச் சொன்னவர் என்ற வகையில் அவர் பாரபட்சம் இல்லாத மனுசன்.

நான் நிறுத்து எழுதி முடிக்கும் நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வரம்போரம் வந்து நின்றது. வந்தவர் இயக்கத்தின் வரிப் பொறுப்பாளர், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. படிவத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தால் பாலத்துக்கு அங்கால் எனக்கு விலங்கு, கொடுக்காவிட்டால் இஞ்சாலேயே. என் விரல்கள் தாமாகவே படிவத்தை விட்டுவிட்டன. போடியார் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். பொறுப்பாளர் பேனையை எடுத்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று நான் பெருக்கியதைத் தன் உள்ளங்கையில் மறுபடி பெருக்கினார். உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த பிள்ளையாம், பரீட்சைக்கு முந்தியே இயக்கத்துக்குப் போனதாம். "அண்ணன், ஒரு பூச்சியம் விட்டிட்டீங்க. உங்கட அரசாங்கத்துக்கு எண்டாலும் சரியாக் குடுங்க" என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டு, தன் கொப்பியில் புதிய தொகையை எழுதிக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிளின் சத்தம் ஓய்ந்ததும் போடியார் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பூச்சியம் விட்டபடியே இரிந்திருந்தா ஆருக்கு மனே நட்டம்?"

ஏறாத விலை

வாரத்தில் ஒரு நாள் விலைவாசி எடுக்கும் நாள். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், டோர்ச் பெட்டரி, சவர்க்காரம் என்று கொழும்பு ஒரு பட்டியல் தந்திருந்தது. அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் மீராசாகிபு காக்காவின் கடைதான் நான் வழமையாகப் போவது. இரண்டு பக்கமும் வெட்டுக்கொத்து நடந்து, தமிழாக்கள் காத்தான்குடிக்குள் கால் வைக்கவும், முஸ்லிமாக்கள் டவுனுக்கு வரவும் யோசித்த மாதங்கள் அவை. கொஞ்ச நாள் போகாமல் இருந்துவிட்டு, பிறகு பட்டியலும் கையுமாகப் போனேன். காக்கா என்னைக் கண்டதும் இருக்க வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வருவித்து, ஒன்றும் நடக்காததுபோல அரிசியில் தொடங்கினார். பெட்டரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். பெட்டரி எங்கள் பக்கம் வருவதற்குத் தடை. இயக்கத்துக்குப் போய்விடும் என்று வழியிலேயே மறித்துவிடுவார்கள். கடையில் பெட்டரியைக் கண்டு ஒன்பது மாதம்.

இல்லாத சாமானுக்கு என்ன விலை எழுதுவது என்று என் மேலதிகாரி சிவபாதம் சேரிடம் முன்பே கேட்டிருந்தேன். சாமான் இல்லாவிட்டால் போன வாரத்து விலையையே எழுது என்பது கொழும்பின் கட்டளை என்றார் அவர். போன வாரத்துக்கு முந்தின வாரமும் அதேதான். அப்படியே ஒன்பது மாதமாக எங்கள் மாவட்டத்தில் பெட்டரி விலை ஒரு சதமும் ஏறாமல் நின்றது. விலைவாசியைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கும் மாவட்டம் என்று கொழும்புக் கூட்டமொன்றில் எங்களைப் பாராட்டியதாகவும் கேள்வி. இதைக் காக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னோடு பெரிய றோட்டு வரைக்கும் நடந்து வந்து, பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார். ஏற்றிவிடும்போதுதான் சொன்னார்.

"கடையில இல்லாத சாமான்தான் தம்பி விலை ஏறாம நிக்கும். இதையும் கொழும்புக்கு எழுதுங்க."

காலநிலை

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக மாங்கேணிக்குப் போனேன். கடற்கரையோரம் ஒரு கிடுகு வீடு. யோகம்மா என்ற பெண், முப்பது வயதிருக்கும், வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா. குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. புருசனின் பேரைச் சொன்னா. இப்போது எங்கே என்று கேட்டது. வீட்டில், உள்நாட்டில் வேறிடத்தில், வெளிநாட்டில், மரணம் என்று நாலு விடை அச்சடித்திருந்தார்கள். ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும்.

"ஆமி ரவுண்டப்பில அவரைப் பிடிச்சிக்கொண்டு போனவங்க. மூணு வருசம். வேறிடம் எண்டு போட்டா என்ன கேப்பாங்க?"

"இடத்தின் பேரை எழுதச் சொல்லுவாங்க அக்கா."

"அது தெரிஞ்சா நான் இஞ்ச இரிப்பனா தம்பி?"

அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். வெறுமையாக விட்டதைக் கொழும்பின் மெசின் ஏற்காது என்று படிவம் திரும்பி வந்தது. போய்க் கேட்டு நிரப்பிக்கொண்டு வா என்றார் சிவபாதம் சேர். மாங்கேணிக்குப் போகிற வாகரை றோட்டில் சண்டை நடந்தபடியால் மறுபடி போக மூன்று வாரமாயிற்று. யோகம்மா என்னுடைய பேனையையே பார்த்தபடி, "மரணம் எண்டு போடப் போறிங்களா?" என்று கேட்டா. "போட்டா நிவாரணம் எடுக்கவும் உதவும் அக்கா" என்றேன். அந்த வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "நாளைக்கு அவர் வந்து நிண்டு, ஆரு என்னைச் சாகக் குடுத்த எண்டு கேட்டா, நான் உங்களைக் காட்டவா?" என்றா அவ. குரல் உயரவில்லை. கை கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தது.

'வீட்டில்' என்பதற்குப் புள்ளடி போட்டேன். அவ அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டினா. ஆனால் படிவம் அதோடு விடுகிற சாதியில்லை. வீட்டில் இருக்கிறவர் என்ன தொழில்? மீன்பிடி. போன வாரம் எத்தனை நாள் தொழிலுக்குப் போனார்? போகவில்லை. ஏன் போகவில்லை? சுகவீனம், விடுமுறை, வேலைநிறுத்தம், காலநிலை. நான் நாலையும் வாசித்தேன். கடைசி விடைக்குப் புள்ளடி போட்டுவிட்டு எழும்பினேன்.

அடுத்த நாள் சிவபாதம் சேர் அந்தப் படிவத்தை முதலில் இருந்து கடைசிவரை வாசித்தார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவருடைய அக்காவின் மகனும் ஒரு ரவுண்டப்போடு போய் வராதவன் என்பது கச்சேரியில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

"எங்கட பக்கம் காலநிலை சரியில்லைதானே. அனுப்புங்க."

சான்றிதழ்

சமாதானப் பேச்சு என்று ஒன்று தொடங்கியதும், உதவி வழங்கும் நாடுகளில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாவியில் மீன் உற்பத்தி ஏன் குறைவு என்று ஆராய ஒரு வெள்ளைக்கார அம்மா குருக்கள்மடத்துக்கு வந்தா. மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். வாவிக்கரையில் கணவதியண்ணன் என்ற மீனவர் தோணியோரம் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்குத் தொழிலுக்குப் போவீர்கள் என்று அம்மா கேட்டா. "ஆமி எழும்பின மறுகா போவம், ஆமி படுக்க முந்தி வந்திருவம்" என்றார். காலை எட்டு முதல் மாலை நாலு வரை என்று மொழிபெயர்த்தேன். ஒழுங்கான வேலை நேரம் என்று அம்மாவுக்குச் சந்தோசம். மீன் படுவது விடியச்சாமத்தில், வாவியில் இறங்க ஆமியின் பாஸ் கிடைப்பது கச்சேரி நேரத்தில் என்று அண்ணன் மேலும் சொன்னார். அதையும் சொன்னேன். அதையும் எழுதினா.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. மீனவர்கள் விஞ்ஞானத்துக்கு ஒவ்வாத நேரத்தில் மீன்பிடிக்கிறார்கள், பயிற்சி தேவை. பயிற்சிக்குப் பணம் வந்தது, பயிற்சியாளர் ஒருவரும் வந்தார். கொழும்பில் இருந்து சப்பாத்தோடு வந்த அந்த மனுசன் தோணி ஆடியதும் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். கணவதியண்ணனும் இன்னும் இருவரும் மூன்று நாள் பொறுமையாக அவரை வாவிக்குள் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். கடைசி நாள் அவர் கண்ணைத் திறந்து, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். எப்படிப் பயிற்சி என்று அண்ணனிடம் கேட்டேன்.

"பாவம், நல்ல மனுசன். நாங்க அவருக்குத் தோணியில இரிக்கப் பழக்கினம், அதுக்கு அவர் எங்களுக்குச் சேட்டிபிகட் தந்தவர்."

தடித்த புத்தகம்

சிவபாதம் சேர் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, கொழும்பில் இருந்து ஒரு தடித்த புத்தகம் வந்தது. நாட்டின் விளைச்சல், வேலை, வருமானம் எல்லாம் ஒரே இடத்தில். பளபளவென்ற தாள். உலக நாடுகளுக்கும் கடன் தரும் வங்கிகளுக்கும் போகிற புத்தகம் அதுதான் என்றார்கள். கிளையில் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். பியோன் உட்பட. எங்கள் மாவட்டம் எந்தப் பக்கத்தில் என்று நான் புரட்டினேன். நெல்லில் இல்லை. மீனில் இல்லை. குடும்பங்களிலும் இல்லை. முன்னுக்கிருந்து பின்னுக்கும் பின்னுக்கிருந்து முன்னுக்கும் தேடினேன்.

அட்டவணையின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. சிவபாதம் சேர்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் தாளோடு ஒட்டி வாசித்தார். 'வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக.' மற்ற அட்டவணையிலும் அதே வரி, அதற்கடுத்ததிலும் அதே. படுவான்கரைக்கு நான் போய் வந்த வெயிலெல்லாம் ஒரே நேரத்தில் தலைக்கு ஏறியதுபோல இருந்தது. மாங்கேணியில் போட்ட அந்தப் புள்ளடியையும் யாரும் எண்ணவில்லை என்றபோது, ஏனோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சேர் புத்தகத்தை மெதுவாக மூடி, அலுமாரியில் நல்ல இடமாகப் பார்த்து வைத்தார்.

"பரவாயில்ல தம்பி. பக்கத்துக்குப் பக்கம் எங்கட பேர் வந்திருக்கு."

எங்களைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் நான்தான் கையால் எழுதிக் கொடுத்தேன், அதை அது எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது மட்டும்தான் ஒருவருக்கும் தெரியாது.