எழுபத்தைந்து டிகிரி

என் சித்தப்பாவுக்கு நாலு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கோழி சுடுவது எப்படி என்று பாடம் நடத்தாவிட்டால் இன்றைக்கும் சோறு இறங்காது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தார். "மசாலா மட்டும் பழசா இருக்கக் கூடாதுப்பா. எங்க அண்ணி ஒரு தபா இப்டிதான்..." என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். அன்று வீடு வந்து சேரும்வரை சுட்டது.

அந்த ஒரு தபா நடந்தபோது நான் ஏழாவது படித்தேன். ராயபுரத்தில் ரயில் பாதைக்கு அருகே எங்கள் வீடு. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லும், ஒரு முருங்கை மரமும், நாலு பேர் நிற்க இடமும் இருந்தன. தம்பிக்குக் கோயிலில் முதல்முறையாக நற்கருணை, அதாவது புது நன்மை, கொடுக்கிற ஞாயிறு. மதியம் முப்பது பேருக்கு எங்கள் வீட்டில் விருந்து.

விருந்து என்றால் எங்கள் தெருவில் அம்மாதான். பெயர் வைப்பு, மஞ்சள் நீராட்டு, முப்பதாம் நாள் பூசை என்று எது வந்தாலும் இருபது முப்பது பேருக்கு அம்மாவைத்தான் சமைக்கக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் அதைவிடப் பெரிதாக ஒன்று கூடி வந்திருந்தது. தம்பியை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பனார் தன் மகள் கல்யாணத்துக்கு முந்நூறு பேர் சமையலை அம்மாவிடமே விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா பெரிய அண்டாக்களுக்கு யாரிடம் சொல்லலாம் என்று இப்போதே விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். அது நல்லபடியாக முடிந்தால் அவள் வெறும் தெருச் சமையல்காரி இல்லை. அது எனக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஓட்டல் சமையற்கட்டில் வேலை. என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வந்த மூன்றாம் நாள் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடையில் ஒரு எண்ணெய் டிரம்மை வாங்கி, நெட்டுக்குப் பிளந்து, கீல் வைத்து, கால் பற்றவைத்து, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கரி அடுப்பாம். "இன்னிக்கு அண்ணிக்கு ரெஸ்ட்டு. மசாலா மட்டும் தடவிக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு ஓய்வு கொடுத்த புண்ணியவான்.

கூடவே ஊசி மாதிரி நீளமான கம்பியும் தலையில் வட்ட முகமும் வைத்த இரண்டு தெர்மாமீட்டர்கள். கம்பியைக் கறிக்குள் குத்தினால் உள்ளே எவ்வளவு சூடு என்று முள் காட்டும். எழுபத்தைந்து டிகிரி வந்தால் கோழி வெந்தது. ஆனால் முதலில் மீட்டரையே சோதிக்க வேண்டும் என்றார். ஐஸ் தண்ணீரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் நூறு. காட்டாவிட்டால் முகத்துக்குப் பின்னால் இருக்கிற நட்டைத் திருகிச் சரி செய்யலாம். கையில் பத்து ரூபாயைத் திணித்து, காசிமேட்டில் ஐஸ் வாங்கி வரச்சொல்லி என்னைத் துரத்தினார்.

காசிமேடு இருபது நிமிஷ நடை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. தெருமுனையில் குல்பிக்காரர் வண்டிக்குப் பானை கட்டிக்கொண்டிருந்தார். ஐஸை உடைத்துப் போடுவதும், அதன்மேல் கல்லுப்பை அள்ளி வீசுவதும், பானையை இடம் வலமாகத் திருப்புவதுமாக இருந்தார். நான் எத்தனையோ முறை பார்த்ததுதான். தூக்குச்சட்டியை நீட்டி, ஐஸ் சும்மா கொடுத்தால் குல்பி வாங்குகிறேன் என்று பேரம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே பானைக்குள்ளிருந்து இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டார். குல்பியை அங்கேயே நின்று நக்கி முடித்து, வாயைப் பாவாடையில் துடைத்து, காசிமேடு போய் வரும் நேரத்தைத் தோராயமாகக் கணக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். காசிமேட்டு ஐஸ் என்று கூசாமல் சொன்னேன். எங்கள் அப்பாவுக்குப் பொய் மட்டும் ஆகாது. மார்க் ஷீட்டில் அவர் கையெழுத்தை நானே போட்டதற்காக முந்தின மாதம்தான் பெல்ட்டால் விளாசியிருந்தார். கெண்டைக்காலில் காயம் ஆறிக்கூட இருக்கவில்லை. இருந்தும் சொன்னேன்.

சித்தப்பா ஒரு மக்கில் ஐஸைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு மீட்டர்களையும் நட்டு வைத்தார். இரண்டு முள்ளும் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய், எட்டுக் கோடு தள்ளி நின்றன.

"பாத்தியா! எட்டு டிகிரி கம்மியா காட்டுது. இத்த நம்பிச் சுட்டிருந்தா கோழி கரிஞ்சி கட்டையாயிருக்கும்."

அம்மா கையில் மசாலாவோடு எட்டிப் பார்த்தாள். "ரெண்டுமேவா ஒரே மாதிரி கெட்டுப் போவும்? கொதிக்கிற தண்ணில ஒரு தபா வெச்சுப் பாரேன்."

"அண்ணி, கரி ரெடியா கீது. ஜனம் வந்துகினு கீது. இத்தெல்லாம் நான் அங்க டெய்லி பண்றது."

சொல்லிக்கொண்டே இரண்டு நட்டையும் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்து நிறுத்தினார். இரண்டு சோதனை உண்டு என்று வாய் கிழியச் சொன்ன மனுஷன் செய்தது ஒன்று. சும்மா இருந்த இரண்டு மீட்டர்களையும் அவர் கையாலேயே கெடுத்தார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

புகை தெருவரை போனது. ஞானத்தகப்பனார் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கம்பியைக் குத்தி, முள்ளை எல்லோருக்கும் காட்டி, எழுபத்தைந்து என்று கத்தினார். அம்மா பக்கத்தில் போய்க் கத்திமுனையால் தொடைச் சந்தைக் கீறினாள். சிவப்பாக நீர் கசிந்தது.

"தம்பி, இன்னும் வேவல. ரத்தம் கீது."

"அது ரத்தம் இல்ல அண்ணி, ஜூஸு. மீட்டரு பொய் சொல்லுமா? ஒங்குளுக்கு விறகடுப்புதான் தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா கத்தியை முந்தானையில் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்புக்காக அந்த முப்பது பேரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பாவைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் முதலில் தம்பி வாந்தி எடுத்தான். பிறகு அத்தை, அத்தையின் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசை நீண்டது. ஞானத்தகப்பனாரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அம்மா வாந்தியைக் கழுவினாள், பாத்திரத்தைக் கழுவினாள். துவைக்கிற கல்மேல் அந்த மக் அப்படியே இருந்தது, ஐஸ் எல்லாம் கரைந்து தண்ணீராக. கவிழ்க்கப் போனவள் என்ன நினைத்தாளோ, விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மக்கைக் கவிழ்த்து, மூன்று முறை அலசினாள்.

மறுநாள் காலை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஞானத்தகப்பனாரின் மனைவி வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. சித்தப்பா இரண்டு மீட்டர்களையும் கையில் பிடித்துக்கொண்டு வழக்காடினார். கோழி எழுபத்தைந்து டிகிரி போனதை எல்லோரும் பார்த்தார்களாம். ஆகவே கோளாறு மசாலாவில்தான். அது முதல்நாளே அரைத்து வெளியில் வைத்ததாகத்தான் இருக்க வேண்டுமாம்.

நான் அம்மா வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் அவள் அம்மியில் அரைத்ததை நான் கண்ணால் பார்த்தவள். இப்போது பொரிந்து தள்ளப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா. மசாலாதான் கெட்டிருக்கும். என் தப்புதான்."

என் காது பற்றி எரிந்தது. பொய், காலையில்தான் அரைத்தாள் என்று நான் கத்த, அவள் என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள். அந்த வாரமே கல்யாணச் சமையல் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதன்பின் எங்கள் தெருவில் அம்மாவை ஒரு டீ போடக்கூட யாரும் கூப்பிடவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். பதினாறு வருஷம் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் நகங்கள் ஓரமெல்லாம் அரித்துப் போய்விட்டன.

தன் தப்பு என்று அவள் ஒத்துக்கொண்ட அன்று மதியமே சமையலறையில் அவளைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். நீ பயந்தாங்கொள்ளி, உனக்கு ரோஷமே இல்லை, சித்தப்பா காலைக் கழுவிக் குடி என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குல்பி நல்லா இருந்துச்சா?"

வீட்டு மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இவளுக்குப் பத்து ரூபாய் குல்பிதான் பெரிதாகப் போயிற்றா என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. தெருவில் யாரோ பார்த்துக் கோள் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போனேன். அவளோடு நாற்பது நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் அந்தக் கோபத்தை வருஷக்கணக்காக உள்ளே வைத்துக்கொண்டே பேசினேன்.

இப்போது நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். தினமும் காலையில் முதல் வேலை, தெர்மாமீட்டர்களை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சரிபார்ப்பது. சேர்ந்த முதல் நாள், மேற்பார்வை பார்க்கிற அக்கா நல்ல ஐஸ் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பூஜ்யத்தைக் காட்டினார். பிறகு அதிலேயே ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கினார். முள் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. உப்பு சேர்ந்தால் ஐஸ் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், அதை நம்பி நட்டைத் திருகினால் அப்புறம் மீட்டர் சொல்வதெல்லாம் பொய், குல்பிப் பானைக்குள் உப்புப் போடுவதே அந்தக் குளிருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே போனார். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. சித்தப்பா திருகிய மீட்டர் எட்டு டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது, அன்று எழுபத்தைந்து என்று காட்டிய கோழி அறுபத்தேழில்தான் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா அந்த நகங்களோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் சொல்லவில்லை? ஐஸில் உப்பு, அது இவள் கொண்டுவந்த ஐஸ் என்று ஒரு வார்த்தை. அப்பா பெல்ட்டை எடுத்திருப்பார், என் தோல் உரிந்திருக்கும், பதினைந்து நாளில் ஆறியிருக்கும். உன் பேர் ஆறவே இல்லையே. இதையெல்லாம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பூண்டு உரித்தேன்.

அவள் கேட்டதற்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நல்லாத்தாம்மா இருந்துச்சு. கடைசி வரைக்கும் குச்சியை நக்கினேன்.